கல்லடியில் புல் வெட்டுகிற தொழில் தொடங்கினேன், முதல் வேலையே கருகிப் போச்சு. யோசனை சொல்லுங்கள்

கல்லடிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

நான் கட்டாரில் நான்கு வருடம் தோட்டப் பராமரிப்பு வேலை செய்தவன். வில்லாக்கள் நிற்கிற ஒரு பெரிய வளாகத்தில் புல் வெட்டுவது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது, செடி கத்தரிப்பது எல்லாம் எங்கள் ஆறு பேர் கையில்தான். இந்த வருடம் மாசியில் ஊருக்கு வந்துவிட்டேன், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை, அம்மாவும் விடுகிற மாதிரி இல்லை. கையில் கொஞ்சம் சல்லி இருக்கிறது, ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, ஒரு பிரஷ் கட்டரும் வாங்கிவிட்டேன் (தோளில் மாட்டிப் புல் வெட்டுகிற மெஷின், சீனச் சாமான், பெயர் சொன்னால் சிரிப்பீர்கள்). மட்டக்களப்பில் கல்லடி, ஆரையம்பதி பக்கம் புதிதாக எழும்புகிற வீடுகளைப் பார்க்கும்போது முன்னுக்கு ஒரு பச்சைப் புல்தரை போட ஆசைப்படுகிற ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பிழையில்லை, ஆசைப்படுகிறார்கள்தான்.

முதல் வேலை பெரியம்மாவின் மகன் தந்தது. ஆரையம்பதியில் கடற்கரைப் பக்கம் வீடு, முன் வளவு 8 பேர்ச் (ஏறத்தாழ 200 சதுர மீற்றர்) வரும். வெளியூரிலிருந்து லொறியில் மலேசியன் புல் இறக்கி, மணலைச் சமப்படுத்தி, மேலே மாட்டெரு போட்டு, ஆனி மாதம் பதித்துக் கொடுத்தேன். முதல் இரண்டு கிழமை பார்க்க அவ்வளவு வடிவு, அண்ணன் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். மூன்றாம் கிழமை இலை நுனி மட்டும் மண்ணிறமாக மாறியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து காலையும் மாலையும் விடச் சொன்னேன். ஆவணி பிறக்க முன்னமே முக்கால்வாசி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. இப்போது அண்ணன் காசைத் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் பெரியம்மா வீட்டுக்குப் போனால் யாரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. காசைக் கேட்டிருந்தால் நல்லது போல இருக்கிறது.

என் கேள்விகள்: புல் ஏன் செத்தது? கட்டாரில் இதைவிடக் கொடூரமான வெயிலில் வளர்த்திருக்கிறேன். மாரியில் மூன்று மாதம் இந்தத் தொழிலை வைத்து என்ன செய்வது? விலை எப்படிச் சொல்வது, பேர்ச் கணக்கா, நாள் கணக்கா? பதிவு செய்ய வேண்டுமா? தள்ளுகிற மோவர் ஒன்று வாங்க வேண்டுமா, பிரஷ் கட்டர் போதுமா?


வாவிக்கரை:

தம்பி, புல் வெயிலில் சாகவில்லை, உப்பில் செத்தது. நுனியிலிருந்து மண்ணிறமாவதும், தண்ணீர் கூட விட விட இன்னும் வேகமாகப் போவதும் அதற்கு அடையாளம். அண்ணன் வீட்டுக் கிணற்றுக் குழாய் வாயையும் வாளி விளிம்பையும் போய்ப் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கும்.

நான் இந்த வேலையில் எட்டு வருடம், பெரியபோரதீவிலிருந்து ஏறாவூர் வரைக்கும் செய்திருக்கிறேன், உங்களைப் போல இரண்டு தரைகளைச் சாகடித்துத்தான் படித்தேன். நமது கரையோர மணலுக்கு அடியில் இருக்கிற நல்ல தண்ணீர் என்பது மாரி மழை இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்பதுதான். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் திட்டில் நாம் இருக்கிறோம். தை மாசியில் அதே கிணறு இனிக்கும். கச்சான் காற்று (கோடையில் அடிக்கிற காய்ந்த காற்று) தொடங்கி, மழையும் இல்லாமல், மேலிருந்து மோட்டர் போட்டு இழுக்க இழுக்க அந்த நல்ல தண்ணீர்ப் படை மெலிந்து கீழே கிடக்கிற உப்பு மேலே ஏறும். நீங்கள் காலையும் மாலையும் விடச் சொன்னது உப்பை இரண்டு மடங்காக ஊற்றச் சொன்னது மாதிரி. புல் குடிக்கிற தண்ணீர் ஆவியாகும், உப்பு வேரடியிலேயே தங்கும்.

கணக்கைப் பாருங்கள். கோடையில் புல்தரைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேர்ச் 25 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் மேல், அப்படியென்றால் பேர்ச்சுக்கு 125 லீற்றர். அண்ணனின் 8 பேர்ச்சுக்கு நாளுக்கு 1000 லீற்றர், அதாவது வீட்டுக் கூரையில் இருக்கிற கறுப்புத் தாங்கி ஒன்று முழுதாக, ஒவ்வொரு நாளும். வீட்டுக் கிணறும் அதுதான், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் அடியில் அதே தண்ணீர்தான். புல் பச்சையாக இருந்து அயல் வீட்டுக் கிணறு உவர்த்துப் போனால் அந்தச் சண்டை உங்களிடம்தான் வரும்.

கட்டாரில் நீங்கள் வளர்த்தது என்ன புல் என்று யோசியுங்கள். அந்த நாடுகளில் பெரும்பாலும் பாஸ்பாலம், பெர்முடா இந்த இரண்டும்தான், இரண்டும் உப்புத் தாங்குகிற சாதி, தண்ணீரும் சுத்திகரித்த கழிவு நீர்க் குழாயில் அளந்து வரும். மலேசியன் புல் அகல இலைக்காரன், நிழலும் ஈரமும் கேட்கிற பிள்ளை. கண்டியில், குருநாகலில் அது ராசா. ஆரையம்பதி மணலில் அது விருந்தாளி.

நான் வேலை எடுக்க முன்னம் ஒரேயொரு கேள்வி கேட்பேன்: "கோடையில் இந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றுவீர்களா?" வீட்டுக்கார அம்மா முகத்தைச் சுளித்து "இல்லை, குழாய்த் தண்ணியில்தான்" என்று சொன்னால் நான் புல் கதையை அங்கேயே நிறுத்திவிடுவேன். உப்பு அளக்கிற மீற்றர் வைத்துப் பார்க்கிறது நல்லதுதான், என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஆனால் இந்தக் கேள்வி இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. மாரியில் போய்க் கேட்டால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான், அதனால் "கோடையில்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

அறுகு போடுங்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அறுகுதான், வெளிநாட்டுக்காரன் பெர்முடா என்று சொல்வது. அறுகம்பைக்குப் பெயரே அதிலிருந்து வந்தது. வெட்டி வெட்டி ஒன்றரை அங்குலத்தில் வைத்தால் நல்ல தரையாக வரும், முழு வெயில் வேண்டும், மாமர நிழலில் வராது. இன்னொன்று, ஆனியில் பதித்தது பிழை. தை கடைசி, மாசி, அந்த நேரம் பதியுங்கள். நிலத்தடித் தண்ணீர் மேலே நிற்கும், இனிப்பாகவும் இருக்கும், கச்சான் வர முன்னம் வேர் இறங்க மூன்று மாதம் கிடைக்கும்.

மிச்சக் கேள்விகளுக்கு இரவு வந்து எழுதுகிறேன், இப்போது வேலையில் நிற்கிறேன்.


சும்மா வாசிக்கிறவன்:

என்னுடைய ஒரு சின்னக் கோபத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் அம்மம்மா வீட்டு வளவில் ஒரு புல் நிற்காது. வெள்ளை மணல், விடியற்காலையில் ஈர்க்குக் கட்டால் கூட்டினால் வரி வரியாக விழும், இரவு பாம்பு போயிருந்தால் அந்தத் தடம் தெரியும். அதுதான் மட்டக்களப்பு வளவு. இப்போது எல்லாரும் மணலை அள்ளிக் கொடுத்துவிட்டு அதன் மேல் செம்மண் கொட்டி அதன் மேல் புல் கம்பளம் விரித்து அதற்கு நாளுக்கு 1000 லீற்றர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஏன் ஐயா? பொடியனைக் குறை சொல்லவில்லை, அவர் கேட்டதைச் செய்தார்.


செவ்வரத்தை:

மேலே எழுதியவருக்குக் கோபம் வந்தாலும் அதில் ஒரு தொழில் இருக்கிறது தம்பி, கவனித்தீர்களா? நான் களுவாஞ்சிகுடியில் வீட்டோடு ஒரு சின்ன நாற்று மேடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் புல் சரிவரும், மற்றவர்களுக்கு நான் சொல்வது: வாசலுக்கு நேரே ஒரு சின்னத் துண்டு, இரண்டு பேர்ச் போதும், மிச்சம் வெள்ளை மணல் அல்லது சல்லிக்கல், ஓரத்தில் செடி. இரண்டு பேர்ச் புல்லுக்கு எட்டுப் பேர்ச்சின் கால்வாசித் தண்ணீர்தான். படத்திலும் வடிவாக இருக்கும். மணலைக் கிழமைக்கு ஒரு தடவை வாரி, சருகு எடுத்து, ஓரம் வெட்டிக் கொடுக்க ஆள் கேட்கிறார்கள், பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், கூட்ட முடியாத வயதுக்காரர்கள் நிறைய.

உவர் மண்ணுக்கு நிற்கிற செடிகளைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பூவரசு, புன்னை, வேம்பு, அலரி, போகன்விலா, தாழை. கடலுக்கு நேரே இருக்கிற வளவென்றால் அடம்பன் கொடியைப் பிடுங்காதீர்கள், அதைக் களை என்று சொல்லிப் பிடுங்கிவிட்டு அடுத்த மாதம் மணல் பறந்து விறாந்தைக்குள் வருகிறதென்று என்னிடமே வந்து நிற்கிறார்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள், மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்களத்தின் சட்டமும் இருக்கிறது, அதனால் கடற்கரையை நிரவித் தாருங்கள், பற்றையை வெட்டித் தாருங்கள் என்று யாராவது கேட்டால் அனுமதி எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாவிப் பக்கம் கண்டல் மரங்களில் கத்தி வைக்கவே வைக்காதீர்கள்.

மரமும் அப்படித்தான். வளவு துப்பரவாக்கப் போனால் "அந்தப் பலாவையும் தறித்துவிடு தம்பி" என்று சும்மா சொல்வார்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை இந்த மூன்றையும் தறிக்க அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டுச் சட்டம், பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சொந்த வளவில் நின்றாலும் அப்படித்தான். வீட்டுக்காரர் சொன்னார் என்று நீங்கள் தறித்தால் கத்தி உங்கள் கையில்தானே இருக்கும்.

மாட்டெருவைப் பற்றி ஒன்று. பச்சை எருவைப் போட்டீர்களா, மக்கினதா? பச்சை எருவோடு கோரைக் கிழங்கும் குப்பைமேனி விதையும் இலவசமாக வரும், அடுத்த வருடம் முழுக்கக் கோரை பிடுங்குவதே வேலை. நான் மணலில் மக்கின எருவும் தேங்காய்த் தும்புத்தூளும் கலந்து மேல் நான்கு அங்குலத்துக்குப் போடச் சொல்வேன். தும்புத்தூளை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிப் போடுங்கள், அதிலும் உப்பு உண்டு.

கட்டாக்காலி மாடு! அதை மறந்துவிட்டேன். கேற் இல்லாத வீட்டுக்குப் புல் போடவே போடாதீர்கள். கோடையில் ஊருக்குள் பச்சையாகத் தெரிகிறது உங்கள் புல் மட்டும்தான், ஒரே இரவில் மேய்ந்துவிட்டுப் போகும்.


அக்கரைப்பற்று காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் மெஷின் திருத்துகிறவன், செடி கொடி தெரியாது, மெஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி, மோவர் இப்போது வேண்டாம். தள்ளுகிற மோவர் சமதரைக்குத்தான். நம்மட மணலில் சில்லுப் புதையும், மணலை உறிஞ்சி எடுத்து அலகைத் தேய்த்துவிடும். மாதச் சந்தா வீடுகள் ஏழெட்டு வந்த பிறகு வாங்குங்கள். சீன மெஷின் கெட்டதென்று நான் சொல்லமாட்டேன், என் கடைக்கு வருவதில் பாதி அதுதான், வேலை செய்கிறது. ஆனால் அது வருவது ஒயில் கலக்காமல் ஓட்டினதால், அல்லது கண்டபடி கலந்ததால். உங்கள் மெஷின் புத்தகத்தில் 25க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயில், 50க்கு 1 என்றால் 20. ஊசி போடுகிற சிரிஞ்ச் ஒன்று பாமசியில் வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள், மூடியால் அளக்கிற பழக்கம்தான் பிஸ்டனைத் தின்கிறது. நாலு ஸ்ட்ரோக் மெஷின் வாங்குகிற நாள் வந்தால் (ஹொண்டாவின் ஜிஎக்ஸ்35 எஞ்சின் வருகிறது பாருங்கள், அந்த மாதிரி) கலவைத் தொல்லை இல்லை, ஆனால் உள்ளே இருக்கிற ஒயில் 100 மில்லிலீற்றர்தான், அதை மறந்தால் முழு எஞ்சினும் போச்சு.

எயார் பில்டரை ஒவ்வொரு நாளும் கழற்றித் தட்டுங்கள். கச்சான் காலத்தில் ஒரு மணித்தியாலம் வெட்டினால் பில்டருக்குள் ஒரு பிடி புழுதி இருக்கும்.

புல்லுக்குத் தங்கூசி (நைலோன் நரம்பு), பற்றைக்கு இரும்பு அலகு, மாற்றிப் போடுவதற்குப் பஞ்சிப்படாதீர்கள். ஒரு பொடியன், நம்ம ஊர்தான், மதில் ஓரத்தில் இரும்பு அலகால் வெட்டப் போய் ஒரு சல்லிக்கல் பறந்து றோட்டில் நின்ற வேனின் கண்ணாடியை எடுத்துவிட்டது. அன்றைக்கு அவன் வெட்டிய கூலி ஒரு நாள் கூலி, கண்ணாடிக்குக் கொடுத்தது ஒரு மாதக் கூலி. வேனுக்குள் ஆள் இருக்கவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். மெஷின் புத்தகங்களில் 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்றுதான் போட்டிருக்கும். வெட்ட முன்னம் வளவைச் சுற்றி ஒரு தடவை நடந்து கல், போத்தல் ஓடு, கம்பித் துண்டு எல்லாம் பொறுக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு முழங்கால் வரைக்கும் பூட்ஸ். செருப்போடு வெட்டுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். பற்றைக்குள் புடையன் பாம்பு கிடந்தால் அவன் ஓடமாட்டான், அப்படியே சுருண்டு கிடப்பான், மிதித்தால்தான் தெரியும்.

மாரிக்கு மெஷினை வைக்கும்போது தாங்கியில் பெற்றோலை விடாதீர்கள். வடித்துவிட்டு, நிற்கும் வரை ஓட விட்டு, பிறகு வையுங்கள். தையில் "ஸ்டார்ட் ஆகுதில்ல காக்கா" என்று வருகிற மெஷின் எல்லாம் காபரேட்டருக்குள் பெற்றோல் பிசினாகப் போனதுதான். எனக்கு அதில் வருமானம், உங்கள் நன்மைக்குச் சொல்கிறேன்.


கல்லடிப் பொடியன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. வாவிக்கரை அண்ணன், நேற்றுப் பின்னேரம் ஆரையம்பதிக்குப் போனேன். குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறது, நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்புத்தான். அண்ணன் மனைவியிடம் தேத்தண்ணிக் கேள்வியைக் கேட்டேன். "அந்தத் தண்ணியில ஊத்தினா குடிக்கேலாது, முதலே கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே" என்று சொன்னா. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான்கு வருடம் வேலை செய்தவன் என்ற நினைப்பில் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அதுதான் உண்மை.

செவ்வரத்தை அக்கா, எரு பச்சைதான். கோரை இப்போதே முளைக்கத் தொடங்கிவிட்டது, செத்த புல்லுக்கு நடுவில் அது மட்டும் பச்சையாக நிற்கிறது.

விலையும் மாரியும் பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொரு யோசனை, பாசிக்குடாவில் இவ்வளவு ஹோட்டல் இருக்கிறது, அங்கே ஒரு ஒப்பந்தம் எடுத்தால் வீடு வீடாக அலையத் தேவையில்லைதானே?


கல்குடா மேற்பார்வை:

பாசிக்குடாவைப் பற்றி நான் சொல்கிறேன், அங்கே ஒரு இடத்தில் தோட்ட மேற்பார்வையாளராக நின்றவன். பெயர் வேண்டாம்.

ஹோட்டல் என்றால் கையில் ஒரு மோட்டார் சைக்கிளோடு போகிற இடம் அல்ல. முதல் கேட்பது பதிவுப் பத்திரம், வரி இலக்கம், வேலையாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா என்பது. ஆள் வைத்தால் நீங்கள் கட்ட வேண்டியது 12 வீதம், அவருடைய சம்பளத்தில் பிடிக்க வேண்டியது 8 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் உங்கள் கையிலிருந்து. இது நியாயமான சட்டம், நான் குறை சொல்லவில்லை, ஆனால் விலை சொல்லும்போது இதைச் சேர்க்காமல் சொல்லிவிட்டுப் பிறகு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, காசு. நான் இருந்த இடத்தில் பில் கொடுத்து அறுபது நாளைக்குப் பிறகுதான் காசோலை வரும், சீசன் சரியில்லாவிட்டால் அதுவும் இழுபடும். அதுவரைக்கும் பெற்றோலும் ஆள் கூலியும் யார் சட்டைப்பையிலிருந்து? 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் எங்களுக்குப் புல் வெட்டிய ஒப்பந்தக்காரர் ஒருவர் மெஷினுக்குக் கானில் பெற்றோல் எடுக்க வழியில்லாமல் மோட்டார் சைக்கிள் தாங்கியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து வெட்டினார், வாயெல்லாம் பெற்றோல். அவருடைய காசு எப்போது கொடுக்கப்பட்டது என்று எழுதினால் எனக்கே வெட்கம்.

மூன்றாவது, கிழக்குக் கரையில் சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும். அதுதான் கச்சான் அடிக்கிற காலமும். வெள்ளைக்காரர் வருகிற நேரம் புல் பச்சையாக இருக்க வேண்டும், நிலமோ அந்த நேரம்தான் காய்கிறது. ஹோட்டல்காரர் அதற்குத் தண்ணீர்ச் சுத்திகரிப்பு வைத்திருப்பார்கள், உங்களால் முடியாது. மூன்று நான்கு வருடம் போகட்டும்.


வாவிக்கரை:

வந்துவிட்டேன். மேற்பார்வை சொன்னது முழுக்கச் சரி, எனக்கும் ஒரு இடத்தில் பழைய பாக்கி இன்னும் இருக்கிறது.

இப்போது விலை. பேர்ச் கணக்கில் விலை சொல்லாதீர்கள். ஆறு மாதம் யாரும் திரும்பிப் பார்க்காத 20 பேர்ச் வளவும், மாதம் இரண்டு தடவை வெட்டுகிற 20 பேர்ச் வளவும் ஒன்றா? முதல் தடவை போவதை நான் "காடு வெட்டு" என்று தனியாக எழுதுவேன், அதற்குத் தனி விலை. அதற்குப் பிறகு மாதச் சந்தா. நேரில் போய்ப் பார்க்காமல் போனில் விலை சொல்வதே இல்லை. வட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்தில் மதிலுக்குப் பின்னால் கிடக்கிற தென்னோலைக் குவியல் தெரியாது.

எவ்வளவு என்று கேட்பீர்கள். என் அளவுகோல் மேசன் கூலி. உங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு மேசனுக்கு என்ன நாட்கூலியோ அது உங்கள் கைக்கு வர வேண்டும், பெற்றோல், தங்கூசி, உதவிக்கு வருகிற பொடியனின் கூலி, பட்டா (சின்ன லொறி) வாடகை எல்லாம் போக. அதற்கு மேல் மெஷினுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குங்கள், மெஷினும் ஒரு ஆள், அவனும் சாப்பிடுவான், இரண்டு வருடத்தில் செத்தும் போவான். சொந்தக்காரருக்குக் குறைத்துச் செய்வதென்றால் முழு விலையை எழுதிக் காட்டிவிட்டுக் குறையுங்கள். பெரியம்மா மகனுக்கு எழுதிக் கொடுத்தீர்களா? இல்லைத்தானே.

வெட்டின குப்பை யார் பொறுப்பு என்பதையும் முதலே கதைத்துவிடுங்கள். வெட்டுவது இரண்டு மணித்தியாலம், அள்ளி ஏற்றுவது மூன்று மணித்தியாலம். வளவு மூலையில் ஒரு கிடங்கு வெட்டி மக்க விட வீட்டுக்காரர் சம்மதித்தால் அந்த வேலையில் உங்களுக்கு ஒரு பட்டா வாடகை மிச்சம், அடுத்த வருடம் அவருக்கு எரு மிச்சம். வெளியிலிருந்து செம்மண், மணல் இறக்குவதென்றால் லொறிக்காரரிடம் பர்மிட் இருக்கிறதா என்று கேட்டு, அதை உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். பொலிஸ் மறித்தால் மண்ணுக்கு ஓடர் கொடுத்தவன் பெயரும் வரும்.

யார் நல்ல வாடிக்கையாளர்? நான் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஆள் இல்லாத வீடுகள். சுவிஸ், கனடா, லண்டன் என்று போனவர்கள் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் கட்டிப் பூட்டி வைத்திருக்கிற வீடுகள், வாங்கிப் போட்ட வெறும் வளவுகள். சொந்தக்காரர் யாரையாவது பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அவர் பார்க்கமாட்டார். அந்த ஆட்களுக்குப் புல் பச்சையா மஞ்சளா என்பது கவலை இல்லை, காடு பிடித்துக் கிடக்கிறது, யாரோ வேலியை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள், மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இதுதான் கவலை. நான் மாதம் ஒரு நாள் போவேன். கேற்றைத் திறந்த உடனே ஒரு படம், வெட்டி முடிந்து அதே இடத்தில் நின்று ஒரு படம், நான்கு எல்லைக் கல்லும் ஒவ்வொரு படம், கிணற்று மூடி ஒரு படம், மோட்டர் ஓடுகிற சத்தத்தோடு அரை நிமிட வீடியோ. அவ்வளவுதான். இன்றைக்கு என்னிடம் அப்படிப் பத்தொன்பது வளவு இருக்கிறது, ஒருவரும் விலையில் பேரம் பேசினதில்லை, ஆனால் ஒரு மாதம் படம் பிந்தினால் இரவு பன்னிரண்டு மணிக்கும் அழைப்பு வரும். ஒரு அக்கா அந்த வீடியோவில் தன் வீட்டு மாமரத்தில் குயில் கத்துவது கேட்டதென்று அழுதா. அதற்கும் சேர்த்துத்தான் அவர்கள் காசு தருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மாரியைப் பற்றிப் பயப்படாதீர்கள். மழையில் வெட்ட முடியாதுதான், ஐப்பசி பிறக்க முன்னம் கூரைப் பீலி துப்பரவு, வீட்டுக்கு மேல் சாய்கிற கொப்புகள் வெட்டுவது, தண்ணீர் ஓட வாய்க்கால் கீறுவது என்று ஒரு மாத வேலை இருக்கிறது. 1978 சூறாவளியைக் கண்ட வயதுக்காரர்கள் கார்த்திகை வர முன்னம் தாங்களே கூப்பிட்டுக் கொப்பு வெட்டச் சொல்வார்கள், இளசுகளுக்கு நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். மழை விட்டதும் டெங்குக் காலம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வளவைப் பார்த்து எச்சரித்துவிட்டுப் போனால், அன்றைக்குப் பின்னேரமே உங்களைத் தேடுவார்கள். சிரட்டை, பூச்சாடித் தட்டு, தகரம், இளநீர்க் கோம்பை, எல்லாம் பொறுக்கி, புல்லும் வெட்டி, ஒரே விலை. தை மாதம் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மழை உண்மையாகக் கொட்டுகிற அந்த ஐந்தாறு கிழமைக்கு மட்டும் கோடைச் சல்லியில் மிச்சம் பிடித்து வையுங்கள்.

பதிவு: உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் போய்ச் சொல்லுங்கள், அவருடைய உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. சொந்த முழுப்பெயரில் செய்யாமல் ஒரு பெயர் வைத்துச் செய்வதென்றால் அது தேவை. வங்கியில் அந்தப் பெயரில் கணக்குத் திறக்கவும் அதைத்தான் கேட்பார்கள், வெளிநாட்டு ஆட்கள் கணக்கின் பெயரைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள்.


செவ்வரத்தை:

வாவிக்கரை அண்ணன் சொன்ன வெளிநாட்டு வளவுகளில் ஒரு விஷயம். தேங்காய், மாங்காய் யாருக்கு என்பதை முதலே கேட்டுத் தெளிவாக்குங்கள். சின்ன விஷயம்தான், ஊர்ப் பகை முழுக்க அதிலிருந்துதான் தொடங்குகிறது.


சும்மா வாசிக்கிறவன்:

எனக்கும் களுதாவளையில் ஒரு வளவு பூட்டிக் கிடக்கிறது. மணல் வளவு, புல் வேண்டாம். வாரி, கூட்டி, படம் அனுப்ப ஆள் வேண்டும். பொடியன் அங்கே வரை வருவாரா?


கல்லடிப் பொடியன்:

வருவேன் ஐயா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு விலை சொல்கிறேன். போனில் சொல்லமாட்டேன் :)

அண்ணன் வீட்டைப் பற்றி: இன்றைக்குக் காலையில் போய்ச் செத்த புல் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டேன், கோரையைக் கிழங்கோடு தோண்டிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேர்ச் முடிய அரை நாள் ஆச்சு. வாசலுக்கு நேரே இரண்டு பேர்ச் மட்டும் அறுகு, தை கடைசியில், மிச்சத்துக்கு அவர் வளவு மணலையே திரும்பச் சலித்துப் போட்டு ஓரத்தில் அலரியும் போகன்விலாவும் என்று பேசியிருக்கிறோம். இந்தத் தடவை எழுதிக் கொடுத்தேன், விலை என்ற இடத்தில் முழு விலையைப் போட்டு அதைக் கீறிவிட்டு சைபர் போட்டேன். அண்ணன் அந்தத் தாளை வாங்கி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். குழாய்த் தண்ணித் தேத்தண்ணி.

செவ்வரத்தை அக்கா, அலரிக் கன்று பதினைந்து வேண்டும், சிவப்பு. மாசிக்கு வருமா? அறுகு ஓட்டுத்தண்டு நிறைய வெட்ட விடுகிற வயல்காரர் யாராவது களுவாஞ்சிகுடிப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், அவருக்கு அது களைதானே.